அறுநூறு கிராம்

எங்கள் மைனி, அதாவது அண்ணன் மனைவி, உடம்பு மெலிவதற்காக நெடுநாளாக ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். டப்பாவின் முகப்பில் ஒரு பெண்ணின் இடுப்பு, அதைச் சுற்றி ஓர் அளவு டேப்பு. அதன் கீழே, எடைக் கட்டுப்பாட்டுக்கான புரோபயாடிக், ஒரு மாத்திரையில் 1000 கோடி உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். மைனிக்குத் தையல் வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறார். அந்த டப்பாவுக்காக எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் பிரிட்ஜ் கதவில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். சொந்தக்காரர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் என்று பலரும் கேட்கிறார்கள்: "டீச்சரே, இந்த நல்ல பாக்டீரியா சாப்பிட்டா வயிறு குறையுமா?" இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் உலவுகின்றன. எல்லாம் ஏமாற்று வேலை என்பது ஒன்று. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து நிரூபித்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டில் எதைச் சொன்னாலும் வாயில் மண் அரைபட்டது போலிருந்தது எனக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பத்தில் நான்கு பெண்கள். இவ்வளவு பேரைத் தொடும் ஒரு கேள்விக்கு அரைகுறைப் பதில் சொல்ல மனசு வரவில்லை. அதனால் மே மாத விடுமுறையில் உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

எலிகளில் நடந்தது

இந்தக் கதை தொடங்குவது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கார்டன் ஆய்வகத்தில். பிறந்ததிலிருந்து ஒரு கிருமியும் படாமல் வளர்த்த எலிகளை அங்கே வைத்திருந்தார்கள். அவை சாதாரண எலிகளைவிட அதிகமாகத் தின்றன, ஆனால் கொழுப்பு குறைவாகவே இருந்தன. சாதாரண எலியின் குடல் கிருமிகளை அவற்றுக்குக் கொடுத்ததும், முன்பைவிடக் குறைவாகத் தின்றபோதும், இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடியது. இது 2004-இல் வெளிவந்தது. 2006-இல் அதே ஆய்வகம் அடுத்த அடி வைத்தது. பருத்த எலியின் கிருமிகளைக் கிருமியற்ற எலிக்குள் விட்டால், மெலிந்த எலியின் கிருமிகளை விட்டதைவிட அதிகக் கொழுப்புச் சேர்ந்தது. நாம் தின்று மிச்சமாகும் நாரையும் மாவையும் உடைத்து, அதிலிருந்தும் சக்தியைக் கறந்து நமக்குக் கொடுக்கிற வேலையைக் குடல் கிருமிகள் செய்கின்றன. அந்த வேலையில் கிருமிக்குக் கிருமி வித்தியாசம் உண்டு என்பதே இதிலிருந்து வந்த சிந்தனை.

என்னை உலுக்கியது 2013-இல் வந்த ஆய்வு. ஒருத்தி பருமனாகவும் மற்றவள் மெலிவாகவும் இருக்கிற இரட்டைச் சகோதரிகளைத் தேடிப் பிடித்து, அவர்கள் மலத்திலிருந்த கிருமிகளை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பருமனான சகோதரியின் கிருமிகளைப் பெற்ற எலிகளில் கொழுப்பு கூடியது. பிறகு இரண்டு வகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்னும் என்பதால் கிருமிகள் இடம் மாறின. பருக்கவேண்டிய எலி பருக்கவில்லை. மெலிந்தவளின் கிருமிகள் அதன் குடலில் குடியேறி அதைக் காத்துவிட்டன. இதுவரைக்கும் உள்ள கதையைத்தான் விளம்பரக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. நல்ல கிருமிகள் குடியேறியது, கொழுப்புக் குறைவாகவும் காய்கனி நிறையவும் உள்ள தீனி கொடுத்தபோது மட்டுமே. கொழுப்பு மிகுந்து நார் குறைந்த தீனி கொடுத்த எலிகளில் அவை குடியேறவே இல்லை. கூண்டுத் தோழி எவ்வளவு புழுக்கை போட்டும் பயனில்லை. இந்தப் பாதியை எந்த டப்பாவிலும் நான் பார்த்ததில்லை.

மனிதர்களில்

எலியிலிருந்து மனிதனுக்கு வரும்போது எண்கள் சுருங்கிவிடுகின்றன. ஜப்பானில் லாக்டோபேசில்லஸ் காசெரி எஸ்பிடி 2055 என்ற ஒரு பாக்டீரியாவைப் புளித்த பாலில் கலந்து, வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்த 87 பேரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவின்படி, உள்வயிற்றுக் கொழுப்பின் பரப்பு 4.6 சதவீதமும் உடல் எடை 1.4 சதவீதமும் குறைந்தது. 70 கிலோ இருப்பவருக்கு ஒரு கிலோ. இந்தத் துறையில் நல்ல ஆய்வு என்று எல்லோரும் காட்டுவது இதைத்தான். பின்னர் அதே குழு 210 பேரை வைத்து மறுபடி செய்தபோதும் பலன் தெரிந்தது. குடிப்பதை நிறுத்தியதும் அந்தப் பலன் மங்கத் தொடங்கியதும் தெரிந்தது.

2018-இல் 15 ஆய்வுகளை, மொத்தம் 957 பேரை, ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட ஒரு தொகுப்பு வந்தது. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக 0.6 கிலோ. அறுநூறு கிராம். அந்த ஆய்வுகள் 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரைதான் நடந்தவை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவையும் ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு தடவையும் எடை பார்த்தால் வரும் வித்தியாசமே இதைவிட அதிகம். அந்த எண்ணை நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். பூஜ்யம் என்றிருந்தால் மைனியிடம் சொல்ல எளிது. ஐந்து கிலோ என்றிருந்தால் இன்னும் எளிது.

இன்னும் புதிய முயற்சிகள் உண்டு. ஆக்கர்மான்சியா மியூசினிஃபிலா என்று ஒரு கிருமி. குடலின் சளிப்படலத்தில் வாழ்கிறது, அதையே தின்கிறது. 2004-இல் நெதர்லாந்தில் கண்டுபிடித்தது. பெல்ஜியத்தில் பத்ரீஸ் கானியின் குழு 2019-இல் இதை மனிதர்களுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தது. முழுதாக முடித்தவர்கள் 32 பேர். ஆச்சரியம் என்னவென்றால், உயிருள்ள கிருமியைவிடச் சூடுபடுத்திக் கொன்ற கிருமி நன்றாக வேலை செய்தது. இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்பட்டது. எடையும் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்கிற அளவுக்குத்தான் கணக்கு வந்தது. இதற்கும் மேலே போய், மெலிந்த ஒருவரின் மலக் கிருமிகளையே குளிகையாக்கிப் பருமனான 22 பேரில் பாதிப்பேருக்கு பாஸ்டனில் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. 12 வாரத்தில் எடையில் மாற்றம் இல்லை. எலியில் அவ்வளவு அழகாக நடந்தது மனிதரில் நடக்கவில்லை. கிருமியற்ற எலியின் குடல் காலி வீடு. நம் குடலில் பிறந்த நாள் முதல் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் புதிதாக வருகிறவரை இலேசில் விடமாட்டார்கள். இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் 2018-இல் குழாய் விட்டுக் குடலுக்குள்ளேயே மாதிரி எடுத்துப் பார்த்தது. சிலர் குடலில் மாத்திரைக் கிருமிகள் ஒட்டின, சிலர் குடலில் ஒட்டவே இல்லை. ஒட்டாதவர்கள் காசு கொடுத்து வாங்கிய கிருமிகள் அப்படியே வெளியே போய்விட்டன.

கோழித் தீவனம்

மைனியின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ், ஒரு பிஃபிடோபாக்டீரியம், இன்னும் சில பெயர்கள். எல்லாமே பேரினம், சிற்றினத்தோடு நின்றுவிட்டன. ஸ்ட்ரெய்ன் என்று சொல்லும் உள்வகையின் எண் எதற்கும் இல்லை. பாக்டீரியா உலகத்தில் அந்த எண்தான் எல்லாம். ஈ.கோலை என்ற ஒரே சிற்றினத்தில் நிஸ்லே 1917 என்ற உள்வகையை ஜெர்மனியில் குடல் நோய்க்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஓ157 என்ற உள்வகை ரத்தபேதி உண்டாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஜப்பானில் எஸ்பிடி 2055 செய்ததை அதே பெயருள்ள வேறொரு காசெரி செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது: பேரினம், சிற்றினம், உள்வகை மூன்றையும் லேபிளில் போடவேண்டும், காலாவதி நாளில் எத்தனை உயிரோடிருக்கும் என்றும் சொல்லவேண்டும். அந்த டப்பாவில் 1000 கோடி என்பது தயாரித்த நாளின் கணக்கு. சித்திரை வெயிலில் லாரியில் வந்து, கடை அலமாரியில் கிடந்து, மைனி கைக்கு வரும்போது எத்தனை மிச்சம் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

குலசேகரம் பக்கம் எங்கள் உறவில் ஒருவர் பிராய்லர் கோழி வளர்க்கிறார். பேச்சுவாக்கில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டார்: "எடை குறையவா? நாங்க கோழிக்கு எடை கூடதுக்குல்லா அதக் குடுக்கோம்." உண்மைதான். கோழிக்குஞ்சு நோய் நொடியில்லாமல் சீக்கிரம் எடை போட, தீவனத்தில் புரோபயாடிக் கலப்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். 2012-இல் பிரான்ஸ் நாட்டுக் குழு ஒன்று, மனிதரிலும் விலங்கிலும் லாக்டோபேசில்லஸ் கொடுத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. காசெரி கொடுத்த பருமனான மனிதர்களில் எடை குறைந்திருந்தது. அசிடோஃபிலஸ் கொடுத்த இடங்களில் எடை கூடியிருந்தது. அந்தத் தொகுப்பின் முறையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, அதனால் அசிடோஃபிலஸ் தின்றால் குண்டாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் உள்வகை எண் இல்லாத ஓர் அசிடோஃபிலஸை எடை குறைக்கும் என்று சொல்லி விற்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நல்ல பாக்டீரியாதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் கணையம் கடுமையாக வீங்கிய 298 நோயாளிகளில் ஒரு பாதிப்பேருக்கு புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 6 சதவீதம் பேர் இறந்தார்கள், புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கு இப்படி ஆகாது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மைனி சொன்னது

இவ்வளவையும் மனசில் அடுக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கருங்கலுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து அண்ணன் படுத்துவிட்டார். மைனி முன்னறையில் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக ஆரம்பித்தேன். அறுநூறு கிராம் என்றேன், உள்வகை எண் என்றேன், கோழி விஷயத்தைச் சொன்னேன். மைனி ஒன்றையும் மறுக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்க உடம்பப் பத்தி இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு சொல்லு உண்டு மக்களே. டாக்டரு சோத்தக் குறையும்மாம்பாரு. மாமி, உக்காந்து உக்காந்து தைச்சா இப்பிடித்தாம்பாவ. கல்யாண வீட்டுப் பந்தியில இருந்தா பக்கத்துல இருக்கவ எனக்க எலையத்தான் பாப்பா. நான் திங்கது உனக்க அண்ணன் திங்கதுல பாதி கூட இல்ல. சொன்னா ஆரு நம்புதா? இந்த டப்பாவுக்கு உள்ள ஒரு பேப்பர் வச்சிருந்தான். உங்க எடைக்குக் காரணம் உங்க குடல்ல இருக்க பாக்டீரியாதாண்ணு அதுல போட்டிருந்துது. எனக்க தப்பு இல்லண்ணு எங்கிட்ட முதல்ல சொன்னது அந்தப் பேப்பர்தான். வேற ஆரும் சொல்லல்ல."

அந்தப் பேப்பரை மடித்துத் தையல் மெஷின் டிராயரில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். பளபளப்பான தாளில் எலிப் படமும் குடல் படமும், நாலைந்து வரித் தமிழும். மைனி விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர் என்று எண்ணிக்கொண்டு போன எனக்கு முன்னால் வேறொரு மைனி இருந்தார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கூடத் தொடங்கிய எடைக்காக, பதினைந்து வருஷமாக ஊர் முழுக்க விசாரணைக் கூண்டில் நிறுத்தியிருந்த ஒரு பெண்மணி. தப்பு உன்னுடையது இல்லை என்கிற ஒரே ஒரு வாக்கியத்துக்காக மாசா மாசம் பணம் கட்டியிருக்கிறார். அந்த வாக்கியம் பெருமளவு உண்மை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

பருமனில் பரம்பரையின் பங்கு 40 முதல் 70 சதவீதம் வரை என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்து, ஒரு வருஷம் கழித்து அவர்கள் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2011-இல் வந்த ஆய்வு அது. பசியைத் தூண்டும் ஹார்மோன் இன்னும் கூடியே இருந்தது, போதும் என்று சொல்லும் ஹார்மோன்கள் இன்னும் தாழ்ந்தே கிடந்தன. உடம்பு இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க ஒரு வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஒருவரைப் பார்த்து வாயைக் கட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புவது எப்படி வைத்தியமாகும்? குடல் கிருமிகள் இந்தப் பெரிய கணக்கில் ஒரு பகுதி. அந்த டப்பாக்காரர்கள் அந்தப் பகுதியை முழுக் காரணமாக்கி, உண்மையான ஓர் ஆறுதலோடு நிரூபணம் இல்லாத ஒரு மருந்தைச் சேர்த்துக் கட்டி விற்கிறார்கள். வெறும் பொய் விற்றால் மைனி வாங்கியிருக்கமாட்டார். நாம் சொல்லாமல் விட்ட ஒரு நியாயத்தை அவர்கள் சொன்னார்கள், அதற்கு விலையும் வைத்தார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. டாக்டர்கள் இலவசமாகச் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. குடும்பத்தில், பந்தியில், ஊர்க் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

அதனால் அன்றைக்கு மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. "பேப்பர்ல இருக்கது சரிதான் மைனி. உங்க தப்பு இல்ல. ஆனா அதுக்கு மருந்து இந்த டப்பாவுல இல்ல. வாருங்க, உடம்புக்கு என்ன ஆச்சுண்ணு ஒழுங்கா ஒருக்கா பாப்போம்" என்றேன். மைனி கொக்கி வைத்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "வியாழக்கிழமைன்னா வரலாம், வெள்ளிக்கிழமை ஜாக்கெட்டுக் குடுக்கணும்" என்றார்.

பழங்கஞ்சி

இடையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த மாத்திரையைப் பற்றிப் பேசினால் உடனே வரும் மறுமொழி, நம்ம பழங்கஞ்சியில் இல்லாத புரோபயாடிக்கா என்பது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒரு செய்தி வருகிறது. பழங்கஞ்சிமேல் எனக்கு உள்ள பிரியத்துக்குக் குறைவில்லை. காந்தாரி மிளகும் சின்ன உள்ளியும் சுட்ட கருவாடும் வைத்துக் குடித்து வளர்ந்தவள். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியும்போது லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் டப்பாவிடம் கேட்ட கேள்வியைப் பானையிடமும் கேட்கத்தானே வேண்டும்? எங்கள் வீட்டுப் பானையில் வளரும் கிருமி வேறு, மைனி வீட்டில் வளர்வது வேறு, ஆடியில் வளர்வது வேறு, மாசியில் வளர்வது வேறு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பழைய சோற்றைக் குடல் அழற்சி நோய்களுக்காக ஆராய்ந்திருக்கிறார்கள், நல்ல காரியம். அது எடைக்கான ஆராய்ச்சி இல்லை. அதைக் காட்டி, பழங்கஞ்சி குடித்தால் தொப்பை கரையும் என்பவர்கள் அந்த டப்பாக்காரர்கள் செய்ததையே காசு வாங்காமல் செய்கிறார்கள். இட்லியைப் பற்றியும் இதே பேச்சு ஓடுகிறது. மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆவியில் வெந்து செத்துப்போகும்.

பழங்கஞ்சியில் எடைக்காக எதிர்பார்க்கத் தகுந்தது அதன் மாவு. வெந்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு, சிறுகுடலில் சீரணமாகாத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடல்வரை போகிறது. அங்கே கிருமிகள் அதைத் தின்று, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடல் சுவரிலுள்ள செல்களைத் தூண்டி, ஜிஎல்பி-1 போன்ற வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன்களைச் சுரக்கவைக்கின்றன. செந்துளுவனும் மட்டியும் ஏத்தனுமாக வாழை விளைகிற ஊர் இது. வாழைத்தண்டும் வாழைப்பூவும் சந்தையில் கேட்பாரற்றுக் கிடக்கும். சிறுபயறு போட்ட கஞ்சி, முருங்கைக்கீரைத் துவரன் என்கிற பொரியல், பயறு, பச்சைக் காய், எல்லாம் அந்தக் கிருமிகளின் சாப்பாடு. 2013 எலி ஆய்வின் மறுபாதி சொன்னதும் இதுதான்: தீனி சரியில்லாத குடலில் நல்ல கிருமி தங்காது. ஆனால் நம் தட்டில் இன்றைக்குச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் பொரித்த கோழியும் ஏறி, துவரன் ஒரு கரண்டியாகச் சுருங்கிவிட்டது. தட்டை மாற்றினால் உடம்புக்கு நல்லது. எடை எவ்வளவு குறையும் என்று கேட்டால், அதிலும் பெரிய எண்களை வாக்குக் கொடுக்கமாட்டேன்.

வியாழக்கிழமை

நாகர்கோவிலில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் போனோம். நீண்ட வரிசை, நீண்ட காத்திருப்பு. உள்ளே போனதும் அவர் எடையைக் கேட்கவில்லை. எப்போது கூடத் தொடங்கியது, தூக்கத்தில் குறட்டை உண்டா, மாதவிலக்கு ஒழுங்கா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இடுப்பை அளந்தார். உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்க்கும் பிஎம்ஐ என்ற அளவு வெள்ளைக்காரர் கணக்கில் 30-க்கு மேல் போனால்தான் பருமன், நமக்கு 25-லேயே தொடங்கிவிடுகிறது, பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்கவேண்டும் என்று விளக்கினார். மைனி தன் பையிலிருந்து மாத்திரைப் பட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். தைராய்டுக்கு ஒன்று. அந்தப் புரோபயாடிக். பிறகு ஒற்றைத் தலைவலிக்காக வருஷக்கணக்கில் ராத்திரி சாப்பிட்டு வந்த அமிட்ரிப்டிலின்.

டாக்டர் அந்தக் கடைசிப் பட்டையைத்தான் கையில் எடுத்தார். பசியையும் எடையையும் கூட்டும் குணம் அந்த மருந்துக்கு உண்டு. இது மருந்துப் புத்தகங்களில் பழைய செய்தி. இதனால் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் இதற்கும் பங்கு உண்டு, தலைவலிக்கு வேறு மருந்து இருக்கிறது, நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே இந்தக் கடிதத்தைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். சோற்றைக் குறை என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒருவர்கூட, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று மைனியைக் கேட்டதில்லை. டப்பாவும் கேட்கவில்லை. ஒரு டப்பாவால் கேட்கவும் முடியாது. பருமனை ஒரு நோயாக எடுத்துக்கொண்டு ஆளைப் பார்த்து வைத்தியம் செய்வது என்றால் என்னவென்று அந்தக் கால்மணி நேரத்தில் பார்த்தேன். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கிடைப்பதுபோல இந்த விசாரிப்பும் கிடைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி மைனியே கேட்டார். செமாக்ளூடைடு என்ற மருந்து, நம் குடலில் சுரக்கும் அதே ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செய்தது. உடம்பு சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துவிடும், இது ஒரு வாரம் நிற்கும். 2021-இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குமட்டல், வாந்தி உண்டு, விலையும் உண்டு. டாக்டர் இவற்றை ஒன்றுவிடாமல் சொன்னார். முதலில் தலைவலி மருந்தை மாற்றிப் பார்ப்போம், தைராய்டு அளவைச் சரியாக்குவோம், சாப்பாட்டில் பயறும் மீனும் காயும் கூட்டுவோம், மூன்று மாதம் கழித்து ஊசியைப் பற்றி யோசிப்போம் என்றார். புரோபயாடிக்கைக் காட்டி இது வேண்டுமா என்று மைனி கேட்டபோது, இதற்குச் செலவிடும் காசுக்கு மீனும் பயறும் வாங்குங்கள் என்று மட்டும் சொன்னார்.

தலைவலி டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார். புது மருந்தில் மைனிக்கு விரல்நுனி அவ்வப்போது மரத்துப்போகிறது, ஊசியில் நூல் கோக்கச் சிரமமாக இருக்கிறதாம். அதை டாக்டரிடம் சொல்ல எழுதி வைத்திருக்கிறார். டப்பா வாங்குவதை நிறுத்திவிட்டார். ஓணம் கழிந்து மறுபடி நாகர்கோவில் போகவேண்டும். ஊசி தேவையா இல்லையா என்று அப்போது தெரியும். அண்ணன் அதன் விலையை மார்த்தாண்டத்தில் இரண்டு கடையில் இப்போதே விசாரித்து வைத்திருக்கிறார்.